குறியில்லா எண்

லாபிஸில், டயர் கடைக்கு மேல்மாடியில்
என் அலுவலகம்.
மழை பெய்தால் செம்பனை ஆலையின் புளித்த வாடை
படியேறி வரும்.
மார்ச் முப்பத்தொன்று, மாலை ஆறேகாலுக்கு
அதோடு ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது.

"என்னம்மா, ஒங்க புரோகிராம்
சன்னாசி அண்ணனுக்குத் தோட்டத்தையே எழுதிக் குடுத்துருச்சு?"
சம்பளக் கிராணி லீலாவதி
சிரிக்கிறாரா திட்டுகிறாரா தெரியவில்லை.
சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார்.
கைக்கு வரும் தொகை:
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து
அறுபத்தேழாயிரத்து
இருநூற்று ஐம்பத்தொன்பது வெள்ளி.

உண்மையில் வர வேண்டியது
கழித்தல் முப்பத்தேழு.
பதினொரு நாள் மழை, குலை வெட்ட முடியவில்லை.
மூத்தவளுக்குப் போலிடெக்னிக் கட்டணம், அதற்கொரு முன்பணம்.
மளிகைப் பாக்கி.
எல்லாம் பிடித்த பிறகு
அந்த மாதம்தான் அவரிடம் காசு கேட்டது.

அந்தக் கட்டத்தை நான் எழுதியபோது
எனக்கு இருபத்துநான்கு வயது.
சம்பளம் என்றால் சுழியம், இல்லையென்றால் அதற்கு மேல்
என்று நம்பினேன்.
குறிக்கு இடம் விடவில்லை.
எண்ணைப் படித்துத் தரும் அந்தப் பழைய நிரல்துண்டு
மறுக்கவில்லை, முணுமுணுக்கவும் இல்லை.
கோட்டைப் பார்த்தது, ஒப்புக்கொண்டது,
சுழியத்திலிருந்து முப்பத்தேழு படி இறங்கியது.
கீழே தளமே இல்லாததால்
உச்சியிலிருந்து முப்பத்தேழாவது படியில்
போய் நின்றது.
பிழை: ஏதுமில்லை.

சன்னாசி அந்தச் சீட்டை
ஆ லியோங் கோப்பிக் கடையில் நீட்டி
ஒரு வாரம் கடன் சொன்னாராம்:
"இதுக்குச் சில்லறை இருந்தா குடு, தவுக்கே."

கோட்டை மட்டும் உதிர்த்துவிடலாம்.
கடன்பட்டவர் கையில் முப்பத்தேழு வெள்ளி இருக்கும்,
ஆடிட்டர் வரும்வரை.
சுழியமாக்கலாம், மேனேஜருக்கு அதுதான் பிடிக்கும்.
சீட்டில் சுத்தமாக ஒரு வட்டம்.
கடன் வேறொரு ஏட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.
நான் மறுக்கச் சொன்னேன்.
முதல் எழுத்தைப் பார். கோடு என்றால் நில்.
அச்சடிக்காதே.
பெயரைச் சொல். ஆளைக் கூப்பிடு.

ஏப்ரலில் ஒன்பது பெயர்களில் நின்றது.
மே மாதம் பதினான்கு.
ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பாய் ஒரு பெயர்.
லீலாவதி எழுந்து போய் மேனேஜர் கதவைத் தட்டுவார்.
வெளியே வரிசை வெயிலில் நிற்கும்.
மேனேஜர் என்னை அழைத்தார்:
"முன்னெல்லாம் நல்லா ஓடுச்சு, இப்ப ஏன் திக்குது?"
"பதினாலு பேர், சார்" என்றேன்.
போனை வைத்துவிட்டார்.

ஜூலையில் மறுபடி ஒரு சீட்டு,
மறுபடி நானூற்று இருபத்தொன்பது கோடி,
இம்முறை வங்காளதேசத்து ரஃபீக்குல் பெயரில்.
அவர் கோப்பிக் கடையில் காட்டவில்லை.
நான்காய் மடித்து லீலாவதியிடம் கொண்டுபோய்
"இதுனால பெர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று
மலாயில் கேட்டாராம்.

ஓர் இடைவெளி.
புதிதாய் வந்த உதவிக் கிராணி
வரிசை நேராய்த் தெரிய
எண்ணுக்கு முன்னால் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறாள்.
நான் முதல் எழுத்தைத்தான் பார்த்தேன்.
முதல் எழுத்து வெறுமை.
நிரல்துண்டு அதைத் தாண்டிப் போய்
அடுத்து நின்ற கோட்டைப்
பழையபடி மரியாதையாய் வரவேற்றிருக்கிறது.

இப்போது நானும் வெறுமையைத் தாண்டித்தான் பார்க்கிறேன்.
எத்தனை இடைவெளி இருந்தாலும் தள்ளிவிட்டு,
அதற்கடுத்த எழுத்தை.
இரண்டே வரி.

சன்னாசி மே மாதமே கடனை அடைத்துவிட்டார்.
என் சோதனைக் கோப்பில் மட்டும்
ஒவ்வோர் இரவும் பன்னிரண்டு மணிக்கு
இடைவெளியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை
முப்பத்தேழு வெள்ளி கடன்படுகிறார்.
காலையில் வந்ததும்
அவர் பெயர் சிவப்பாய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான்
ஜன்னலைத் திறக்கிறேன்.